மிதவையும் அடைப்பானும்: பனூ மூஸா முதல் அல்ஜஸரீ வரை

கட்டுப்பாட்டுப் பொறியியல் என்றதும் விமானமும் விண்கலமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்துறையின் உயிர்நாடியைக் காண மாடித் தொட்டியின் மூடியைத் திறந்தாலே போதும். நீர் உயர்ந்தால் மிதவை மேலெழுந்து குழாய் வாயை அடைக்கிறது. நீர் குறைந்தால் தாழ்ந்து திறக்கிறது. ஒரு கருவி தன் செயலின் விளைவைத் தானே உணர்ந்து, அதற்கேற்பத் தன் போக்கைத் திருத்திக்கொள்வதையே பின்னூட்டம் என்கிறோம். குளிர்பதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் வெப்பத்தை ஓர் அளவில் காப்பது இவ்வழியில்தான்.

தானே இயங்குவன எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. நேரக் கணக்கில் ஓடும் சலவை இயந்திரம் துணி வெளுத்ததா என்று பார்ப்பதில்லை. வகுத்த வரிசைப்படி ஓடி நின்றுவிடுகிறது. அல்ஜஸரீயின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் இசைப் பொம்மைகள் ஏறிய படகையும், மன்னர் ஒளூச் செய்ய நீர் வார்த்த பொறியையும் காட்டுவர். பணியாளர் கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாததால் பிறந்த அப்பொறி சுவையானதே. எனினும் அதுவும் வரிசைப்படி ஓடுவதே. அவருக்குரிய உண்மையான சிறப்பை, யாரும் படம் எடுத்துப் போடாத ஒரு சிறு மிதவையில்தான் நாம் தேட வேண்டும்.

மிதவையும் முஸ்லிம்களிடம் தொடங்கியதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் நீர்க்கடிகாரத்தில் அதைப் பயன்படுத்தினார். அவர் வழிவந்த பைலோவின் நூலில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருப்பது அரபு மொழிபெயர்ப்பால்தான். இக்கலை பாக்தாதில் புதுவேகம் பெற்றது. மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய மூவரும் கி.பி. 850ஐ ஒட்டி 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை இயற்றினர். அதில் ஏறத்தாழ நூறு கருவிகள் விவரிக்கப்படுகின்றன. பல விருந்து மண்டப வேடிக்கைகள். ஆனால் எடுத்த நீரைத் தானே ஈடுசெய்யும் கலங்களும், எண்ணெய் குறையக் குறையத் திரியைத் தள்ளிக்கொடுக்கும் விளக்கும் அவற்றிடையே உள்ளன. கூம்பு வடிவ அடைப்பானை அவர்கள் கையாண்ட நுட்பம் முன்னோரிடம் காணப்படாதது.

அல்ஜஸரீ இதையே பெரும் பணிக்கு உயர்த்தினார். தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அவர், ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) தம் நூலை முடித்தார். அறிவையும் பயனுள்ள செயலையும் இணைப்பது என்ற பொருளை அதன் தலைப்பே தாங்கி நிற்கிறது. அவர் நீர்க்கடிகாரத்தில் தீர்க்க வேண்டிய சிக்கல் இரண்டு. தொட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுக்கின் வேகமும் குறையும், காலம் பிசகும். எனவே பெருந்தொட்டிக்கும் ஒழுகும் துளைக்கும் இடையே ஒரு சிற்றறை வைத்து, அதன் நீர்மட்டம் மாறாதபடி மிதவையால் காத்தார். அடுத்தது, அக்காலத்தில் பகலைப் பன்னிரண்டாகப் பகுத்தமையால் கோடைப் பகலின் ஒரு மணி நீளம், குளிர்காலத்தில் குறுகல். துளையை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல ஒரு வட்டத்தால் நாள்தோறும் ஒழுக்கின் வேகத்தை மாற்றினார். முன்னோர் செய்த வட்டத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. சோதித்துப் பிழை கண்டு வேறு செய்தார்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேர்க்கோடு இழுக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. சான்று அதற்கு இடம் தரவில்லை. பனூ மூஸாவின் வடிவியல் நூலைக் கிரிமோனாவின் ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டு சென்றார். கிதாபுல் ஹியலுக்கு அத்தகைய பெயர்ப்பு அறியப்படவில்லை. மிதவை அடைப்பான் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீட்டுத் தொட்டிகளில் மீண்டும் தோன்றியது. 1765இல் ருஷ்யாவின் போல்சுனோவ் அதைக் கொதிகலனுக்குப் பொருத்தினார். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்கு வேகங்காப்பியைச் சேர்த்தார். அத்தகைய காப்பிகள் சில வேளை ஏன் நிலைகொள்ளாமல் ஊசலாடுகின்றன என்பதை 1868இல் மேக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்தார். அந்தக் கணிதம் பாக்தாதிலும் இல்லை, தியார்பக்ரிலும் இல்லை. அங்கே இருந்தது கை தேர்ந்த தொழில்நுட்பம். அல்ஜஸரீயின் நூல் 1974இலும், பனூ மூஸாவின் நூல் 1979இலும்தான் டொனால்ட் ஹில் வழியாக ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்தன.