சொந்தக் கட்சி அமைச்சரிடம் ஒரு கேள்வி

ஒரு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று பார்த்தால் பெரும்பாலும் கட்சிக் கொறடாவின் உத்தரவுதான் தெரியும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, மீறினால் பதவியே போகலாம். ஆனால் கேள்வி அவருடையது.

1957 டிசம்பர் 16. காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன், மக்களவையில் எழுந்தார். முந்தைய ஆண்டுதான் தொடங்கிய எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது ஏன் என்று கேட்டார். முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே வாங்கியிருந்தார்கள். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார்.

கட்சி அவருடையது, பணம் பாலிசிதாரர்களுடையது. அவர் யார் பக்கம் நின்றார் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிட்டது. உங்கள் எம்.பி. கேட்ட கேள்விகளும் மக்களவை இணையதளத்தில் இருக்கின்றன. ஒருமுறை போய்ப் பாருங்களேன்.