ஒரே எண்ணில் இரண்டு பேர்

ஞாயிறு இரவு 8.30 மணிக்கு எங்கள் வீட்டில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. துலோனில் இருக்கும் என் அண்ணன் அந்த நேரத்தில்தான் கணினியில் வருவார். அங்கே அப்போது மாலை 5 மணி.

1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது 19 வயது, எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு 12 வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, சொல்தாவாகவே ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டார். நான் இங்கே அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றேன். அறுபது வருடமாக எங்கள் உறவு நீலநிறக் கடுதாசியிலும், பிறகு டிரங்க் காலிலும், இப்போது திரையிலும் நடக்கிறது. அவருக்குக் காது அநேகமாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அதனால் கைபேசியில் பேசிப் பயனில்லை. முகம் பெரிதாகத் தெரியும்படி என் மடிக்கணினி வேண்டும்.

அந்தக் கணினிதான் தொல்லை கொடுத்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது அண்ணன் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகும். அதற்குள் அவர் எழுந்து போயிருப்பார். இரண்டு முறை இப்படி ஆனது. மூன்றாவது முறை, பூர்வீக வீட்டை விற்பது பற்றி, "உனக்கு என்னடா தம்பி அவ்வளவு அவசரம்?" என்று அவர் கேட்ட அந்த நொடியில் அறுந்தது. நான் பதில் சொல்ல விரும்பாமல் மூடிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. "அப்பா கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார், சித்தப்பா" என்று அவர் மகள் சொன்னாள்.

எண்பது வயது தாண்டிய அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஒரு இயந்திரம் வந்து நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டேன்: தேதி, நேரம், எந்தக் கருவி, எவ்வளவு நேரம். குமாஸ்தா புத்தி எங்கே போகும்? அந்த விசாரணையில் தெரிந்துகொண்ட சரித்திரம் என் தொல்லையைவிட ருசியாக இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான்: இணைப்பு அறுந்தால் ஏன் யாரும் சொல்வதில்லை? அந்தக் காலத்து டிரங்க் காலில் லைன் போனால் காதில் ஒரு சத்தமாவது வரும். இங்கே வைஃபை குறி எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் உள்ளே உயிர் இல்லை.

இதற்கான விடை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருக்கிறது. பெயர் லூயி பூஸேன். எக்கோல் பொலித்தெக்னிக்கில் படித்தவர். 1970-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசின் கணினி ஆய்வு நிறுவனத்தில் 'சிக்லாத்' என்ற வலையமைப்பை உருவாக்கினார். கிரேக்கக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டத்தின் பெயர் அது. தொலைபேசிக்காரர்கள் அதுவரை ஒரே மாதிரிதான் யோசித்தார்கள்: இரண்டு பேர் பேச வேண்டுமானால் நடுவில் ஒரு பாதையைத் திறந்து, பேச்சு முடியும் வரை காத்து நிற்க வேண்டும். பூஸேன் வேறு மாதிரி யோசித்தார். செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதித் தபால் அட்டை போல அனுப்பிவிடு. நடுவில் உள்ளவர்கள் கையில் கிடைத்ததை அடுத்த ஆளுக்குத் தள்ளினால் போதும். போய்ச் சேர்ந்ததா, எது தொலைந்தது, எதைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு முனையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தத் துண்டுக்கு 'டேட்டாகிராம்' என்று பெயர்.

பிரான்சின் தபால் தந்தி இலாகாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பழைய வழியிலேயே 'திரான்ஸ்பாக்' என்ற வலையை 1978-ல் தொடங்கினார்கள். பிற்பாடு வீட்டுக்கு வீடு வந்த மினித்தெல் பெட்டிகள் அதன் மேல்தான் ஓடின. சிக்லாத்துக்குப் பணம் நின்றது. ஆனால் யோசனை கடல் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் விண்ட் சேர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வெளியிட்ட திட்டத்தில் அது இடம் பெற்றது. அந்தத் திட்டத்திலிருந்து வந்த விதிகளுக்குத்தான் 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்க ஆராய்ச்சி வலை முழுவதும் மாறியது. மினித்தெல் 2012 ஜூன் 30-ல் மூடப்பட்டது. மறு வருடம் பூஸேனுக்கு, சேர்ஃப், கான் முதலியவர்களோடு சேர்த்து, இங்கிலாந்து ராணியின் பெயரால் பொறியியல் பரிசு கொடுத்தார்கள். எந்த இலாகாவிலும் நடப்பதுதான், நல்ல குறிப்பு எழுதியவனுக்குப் பாராட்டு அவன் ஓய்வு பெற்ற பிறகுதான் வரும்.

ஆக, நடுவில் இருப்பவன் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. எனவே அறுந்தாலும் அவன் சொல்லமாட்டான். நாம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

கேட்பதற்கு ஒரு சின்ன நிரல் இருக்கிறது. 'பிங்' என்று பெயர். 1983 டிசம்பரில் மேரிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. அவர் வலையிலும் அப்போது புரியாத கோளாறு. அதைக் கண்டுபிடிக்க ஒரே இரவில் எழுதி முடித்தாராம். ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுள்ள கருவியை "இருக்கிறாயா?" என்று அது கூப்பிடும். இருந்தால் "இருக்கிறேன்" என்று பதில் வரும். அவ்வளவுதான். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஓசையை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிற அதே வேலை.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. எங்கள் பௌதிக ஆசிரியர் பியேர் கியூரி, அவர் அண்ணன் ழாக் இருவரும் 1880-ல் கண்டுபிடித்த விஷயத்தைப் பாடம் நடத்தியபோது கரும்பலகையில் ஒரு படிகக் கல்லை வரைந்தார். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, பியேரின் மாணவர் போல் லான்ஜ்வேன் இதை எடுத்துக்கொண்டார். குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, எதிரொலியைப் பிடித்தார். அந்தச் சோதனைகளை எந்தக் கடலில் செய்தார் தெரியுமா? துலோன் துறைமுகத்தில். என் அண்ணன் தினமும் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் அதே கரை.

சரி, விசாரணைக்கு வருவோம். பிங் செய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டு ரூட்டரைக் கூப்பிட வேண்டும். அது பதில் சொன்னால் வெளியே ஒரு எண்ணைக் கூப்பிட வேண்டும். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்ப்பது மாதிரிதான். என் கணினி அறுந்த நேரத்தில் ரூட்டரே பதில் சொல்லவில்லை. ஆனால் அதே நொடியில் என் கைபேசிக்கு, அதே வைஃபையில், எல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆக, வெளியே உள்ள கம்பிக்காரரைத் திட்டியதெல்லாம் வீண். கோளாறு வீட்டுக்குள்.

நோட்டுப் புத்தகம் இன்னொன்று சொன்னது. பதினொரு பதிவில் எட்டு, ஞாயிறு இரவு.

இப்போது எண்களின் கதை. வலையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும், தெருவில் கதவு எண் போல. தொடக்க காலத்தில் இந்த வலைக்குரிய எண்களுக்கெல்லாம் கணக்கு வைத்தவர் ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதர். 1972-லிருந்தே யாருக்கு எந்த எண் என்று பதிவு வைத்து வந்தார். 1998-ல் 55 வயதில் அவர் இறக்கும் வரை அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. உலக வலையை நடத்தியதில் ஒரு பதிவேட்டுக்காரனுக்கும் பங்கு உண்டு.

மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். அதனால் 1994-ல் சில எண் தொகுதிகளைத் தனியார் வலைகளின் உள் உபயோகத்துக்கு என்று ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. என் வீட்டிலும் அதுதான், உங்கள் வீட்டிலும் அநேகமாக அதுதான். வீட்டுக்குள் மட்டும் செல்லும்.

வீட்டுக்குள் எண் கொடுப்பவர் ரூட்டர். இதற்கான விதி 1993-ல் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கணினிக்கும் கையால் எண் எழுத வேண்டும், அல்லது ஒரு பட்டியலில் ஏற்றிவைக்க வேண்டும். புதிய விதிப்படி எண் சொந்தமில்லை, குத்தகை. என் ரூட்டரில் 24 மணி நேரக் குத்தகை. பாதிக் காலம் கடந்ததும் கணினி தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். பழகிய விருந்தாளிக்குப் பழைய அறையையே கொடுப்பது போல, கூடுமானவரை அதே எண்ணையே ரூட்டர் கொடுக்கும். புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்கும் முன், அந்த எண்ணில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று அது பிங் செய்து பார்ப்பது நல்லது என்றும் விதி சொல்கிறது. பதில் இல்லையென்றால், காலி.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அடுத்த ஞாயிறு இரவு 8.40-க்கு இணைப்பு அறுந்ததும், கணினியை முழுக்க அணைத்தேன். பிறகு கைபேசியிலிருந்து அந்தக் கணினியின் எண்ணைக் கூப்பிட்டேன். 192.168.1.5.

"இருக்கிறேன்" என்று பதில் வந்தது.

அணைத்துக் கிடக்கிற கணினி எப்படிப் பதில் சொல்லும்? வேறு யாரோ அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறினேன். மாடியில் என் மகன் குடும்பம். எல்லோருக்கும் ஒரே வைஃபை. பேத்தி திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பள்ளிப் பாடத்தை அச்சடித்துக்கொண்டிருந்தாள். பிரிண்டரின் சின்னத் திரையில் எண்ணைப் பார்த்தேன். 192.168.1.5.

வாங்கியபோது அதைப் பொருத்திய ஆள், எண்ணைக் கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது குற்றமில்லை, ஆனால் ரூட்டர் குத்தகைக்கு விடுகிற 2 முதல் 100 வரையிலான எண்களுக்குள்ளேயே ஒன்றை எழுதிவிட்டார். வாரம் முழுவதும் பிரிண்டர் அணைந்து கிடக்கும். அந்த எண்ணில் ஆள் இல்லை என்று ரூட்டர் நினைத்து, அதை என் கணினிக்குக் கொடுத்துவிட்டது. ஞாயிறு இரவு பேத்தி பொத்தானை அழுத்தியதும் பிரிண்டர், "இந்த எண் என்னுடையது" என்று அறிவிக்கும். எனக்கு வர வேண்டியதெல்லாம் மாடிக்குப் போகும். அது அணைந்ததும் எனக்குத் திரும்ப வரும். வைஃபை குறி எரிவதில் ஆச்சரியமில்லை. ரூட்டர் வரைக்கும் அலை வருகிறது, பெயர்தான் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கிறது. ஒரே எண்ணை இரண்டு கோப்புக்குப் போட்டுவிட்டு, ஒன்றைக் காணோம் என்று தேடிய நாட்கள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கின்றன.

மருந்து ஐந்து நிமிட வேலை. பிரிண்டருக்குக் குத்தகை எல்லைக்கு வெளியே 150 என்று எண் கொடுத்தேன். பேத்தியிடம் இரண்டு பக்கம் அச்சடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே வந்து பார்த்தேன். இணைப்பு நின்றது. அதன் பிறகு ஆறு வாரம் ஆகிறது, நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதிய பதிவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு கருவி மட்டும் அடிக்கடி அறுந்தால், எந்த நேரத்தில் என்று ஒரு வாரம் எழுதிவைத்துப் பாருங்கள். மற்றக் கருவிகள் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் ரூட்டரைக் கூப்பிடுங்கள். பிறகு கருவியை அணைத்துவிட்டு அதன் எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். வெளியே இருப்பவரைத் திட்டுவது கடைசியில் இருக்கட்டும்.

அன்றிரவே அண்ணன் மகளுக்குச் சேதி அனுப்பி, ஐந்து நிமிடம் அவரை உட்காரவைக்கச் சொன்னேன். பேசாமல், பேத்தி அச்சடித்த தாளைக் காட்டினேன். அதில் பெரிய எழுத்தில், நான் மூடவில்லை, பிரிண்டர் மூடியது என்று பிரெஞ்சில் எழுதியிருந்தேன். இரண்டு தரம் படித்தார். சிரித்தார். பிறகு, மூன்று வாரத்துக்கு முன் கேட்ட கேள்வியை அப்படியே மறுபடி கேட்டார். "வீட்டை விற்க உனக்கு என்னடா அவசரம்?"

பதில் இல்லாத எண்ணை ரூட்டர் காலி என்று நினைத்தது. பதில் சொல்லாத தம்பிக்கு மனம் இல்லை என்று அண்ணன் நினைத்தார். வராத அண்ணனுக்குக் கோபம் மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அவசரம் ஒன்றுமில்லை அண்ணே, கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்க என்னிடம் காசில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நேரே சொல்லியிருக்கலாமே" என்றார்.

கூரை வேலை தை மாதம் தொடங்குகிறது.