போட் மெயிலும் பெரியப்பாவின் சித்ரோன் காரும்

போன வாரம் பரணை ஒழித்தபோது அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. நடுவில் ஒரு பக்கத்தின் தலைப்பு: 'கொழும்பு - காரிலா, ரயிலிலா?' வருடம் 1964. இடப்பக்கம் கார் செலவு, வலப்பக்கம் ரயில் செலவு. தொகைகளைப் பாதிக்கு மேல் பூச்சி தின்றுவிட்டது. ஆனால் இனங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

கதை இதுதான். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கொழும்பில் வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பா சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு, திரும்பும்போது கப்பலில் ஒரு சித்ரோன் காரையும் கொண்டுவந்தவர். கண்டமங்கலத்தில் அந்தக் கார் வந்து நின்றால் தெருவே கூடிவிடும். "என் காரிலேயே குடும்பத்தோடு போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் பெரியப்பா. கிறிஸ்துமஸ் லீவுக்குப் போவதாகப் பேச்சு. எனக்கு அப்போது வயது 13, புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

இலங்கைக்குக் கடல் தாண்டிப் போவது அந்த நாளில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதிசயம் அல்ல. விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879-லேயே வந்துவிட்டது. சின்னபாபு சமுத்திரத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால், சென்னையிலிருந்து வரும் போட் மெயிலைப் பிடிக்கலாம். ஆரம்ப காலத்தில் போட் மெயில் தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு வழி மாறியது. ரயில் தனுஷ்கோடித் துறை வரை போகும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடல்தான். அக்கரையில் கப்பலடியிலேயே கொழும்பு ரயில் நிற்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கிவிடலாம். சில்லறையாக வாங்குவதைவிட இது தொந்தரவும் குறைவு, செலவும் குறைவு. அப்பாவின் வலப்பக்கக் கணக்கில் இனங்கள் குறைவாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இடப்பக்கம் நீண்டுகொண்டே போனது. முதலாவது, பாம்பனில் அன்றைக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988-ல்தான் வந்தது. ஆகவே காரை மண்டபத்தில் ரயில் வேகனில் ஏற்றியாக வேண்டும். அதற்கு ஒரு வாடகை. கப்பலில் ஏற்ற இன்னொரு கட்டணம், இறக்கும் கூலி தனி. அக்கரையில் பெட்ரோல். இவற்றுக்கெல்லாம் மேல், கார்னே.

அந்த வார்த்தையை அப்பாவால் படிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். 'கார்னே தெ பசாழ் ஆன் துவான்' என்று படித்து, "சுங்கம் கடக்கிற புத்தகம்" என்று பொருள் சொன்னேன். நான் படித்த பிரெஞ்சு வீட்டுக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் புத்தகத்தின் தத்துவம் எளிமையானது. வெளிநாட்டுக்குக் காரைக் கொண்டுபோனால் அங்கே இறக்குமதி வரி கட்ட வேண்டும். திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்று ஒரு மோட்டார் சங்கம் ஜாமீன் நின்றால் வரி கட்ட வேண்டாம். உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. கார் திரும்பவில்லை என்றால் வரி ஜாமீன்காரர் தலையில். ஆகவே அவர்கள் நம்மிடம் வங்கி உத்தரவாதமோ ரொக்கமோ முன்கூட்டியே கேட்பார்கள். திரும்பி வரும் பணம்தான்; ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டுமே!

அப்பா சிரித்தார். "நம் ஊர்க்காரனுக்கா துவான் புதிது?" என்றார். கண்டமங்கலம் பிரிட்டிஷ் சீமை. கிழக்கே போனால் பிரெஞ்சு எல்லை. நடுவே சுங்கக் காவல். நான் பிறந்த காலத்தில்கூடக் கல்யாணச் சாமான் வாங்கப் புதுச்சேரி போனவர்கள் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வருவார்களாம். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடைசியில் அப்பா போட்ட தீர்மானம்: டிசம்பரில் வேண்டாம், மே மாதம் பணம் சேர்த்துக்கொண்டு ரயிலிலேயே போவோம். பெரியப்பாவுக்குக் கோபம். எனக்கு அழுகை.

அந்த டிசம்பர் 22-ந் தேதி இரவில் புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. செய்தியைப் படித்துவிட்டு அப்பா நோட்டை மூடி வைத்தார். பெரியப்பா அதன் பிறகு கொழும்புப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு மட்டும் ஒரு பாடம் மனத்தில் பதிந்துவிட்டது: கணக்குப் பார்த்துத் தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம்.

இதே கணக்கை உலகத்தின் மறுகோடியிலும் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் நடுவே, பாக் நீரிணையைப் போலவே, சிறிய கடல்தான். அங்கும் கப்பல் ரயில் கம்பெனியின் கையில். காரைக் கிரேனில் தூக்கி ஏற்றுவார்கள், கட்டணமும் அதிகம். 1928-ல் டவுன்செண்ட் என்ற கேப்டன் ஒரு நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்துக் குறைந்த விலையில் கார்களை ஏற்றத் தொடங்கினார். ஒரு மாதத்துக்கு என்று தொடங்கியது, நிலைத்துவிட்டது. 1930-ல் பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்றை வாங்கிக் கார்க் கப்பலாக மாற்றினார். ரயில் கம்பெனி பார்த்தது. 1931-ல் தானும் கார்களுக்கென்று ஒரு கப்பல் விட்டு, கட்டணத்தையும் குறைத்தது. ஒருவர் போட்டிக்கு வந்ததில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு லாபம். நம் கடலில் அப்படி ஒரு டவுன்செண்ட் வரவில்லை.

அந்தக் கடலை நானும் ஒரு தடவை கடந்தேன். 1998-ல் பிரான்சில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை சிக்கனக்காரர். சனிக்கிழமைக் காலைக் கப்பலை விட்டுவிட்டு, வாரநாள் பின்னிரவுக் கப்பலுக்கு இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருந்தார். காரோடு சேர்த்து எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே விலை. ஆளுக்கு ஒன்று என்று ரயில் டிக்கெட் வாங்கியிருந்தால் எங்கேயோ போயிருக்கும். 1994-ல் கடலடிச் சுரங்கம் திறந்த பிறகு போட்டியில் விலை இறங்கிவிட்டது என்றார். கப்பலுக்குள் வரியில்லாக் கடை. டிக்கெட்டில் விட்டதை அங்கே பிடித்துக்கொள்வார்கள். தங்கை புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்ததால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்றை மட்டும் மாப்பிள்ளை கணக்கில் சேர்க்க மறந்தார். அவர்களெல்லாம் பிரெஞ்சுக் குடிமக்கள். நான் இந்தியப் பாஸ்போர்ட். மிச்சம் பிடித்த பணம் என் விசாவுக்குச் சரியாகப் போயிற்று!

கப்பல் தளத்தில் நின்றபோது அத்தை ஞாபகம்தான் வந்தது. 1964 புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில்தான் மலையகத் தமிழர்கள், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி, தகரப் பெட்டிகளோடு தாயகம் வந்து இறங்கினார்கள். நாங்கள் நினைத்தால் போயிருக்கலாம். 1982-ல் அத்தை கடிதம் எழுதினார்: "கண்ணை மூடுவதற்குள் உன் பிள்ளைகளைக் காட்டிவிட்டுப் போ." நான் அப்போது குமாஸ்தா, இரண்டு பிள்ளைகள். அப்பா வழியில் கணக்குப் போட்டேன். அரியர்ஸ் வரட்டும், அடுத்த கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் எழுதினேன். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. அதன் பிறகு கப்பலும் நின்றுபோனது. அத்தை 1986-ல் காலமானார். தந்திகூட நேரத்துக்கு வரவில்லை.

2011-ல் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் சில மாதங்கள் ஓடி நின்றது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' புறப்பட்டது. கட்டணம் 6,500 ரூபாய்; வரியோடு 7,670. அதுவும் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. ஆள் மட்டும் போகலாம், கார் போகாது. பெரியப்பா இருந்திருந்தால் மறுபடியும் கோபித்துக்கொண்டிருப்பார்.

பேரன் கேட்டான், "தாத்தா, விமானமா கப்பலா, எது மலிவு?" என்று. நோட்டை எடுத்துக் கொடுத்து, காலியாக இருந்த பக்கத்தில் எழுதச் சொன்னேன். கணக்குப் போடு, இருட்டில் இறங்காதே. ஆனால் போகிற தேதியை முதல் வரியில் எழுதிவிட்டுப் பிறகு செலவை எழுது என்றேன். தை மாதத்தில் ஒரு தேதியை எழுதியிருக்கிறான். அத்தையின் பேத்தி கொழும்பில் இருக்கிறாள். போன் போட்டுச் சொல்லிவிட்டோம்.