எட்டு ஸ்லொட்டும் திறக்கேலாத பெட்டியும்

புதுசா ஒரு கணினி வாங்கப் போறம் எண்டு எங்களில் யாராவது வாய் திறந்தால், அடுத்த ஒரு மணித்தியாலம் சண்டைதான். ஒரு பக்கம், "பாகங்களை வாங்கிப் பூட்டு, பிறகு காசு வரேக்க கூட்டிக்கொள்ளலாம்" எண்டு சொல்லும். மற்றப் பக்கம், "கம்பனி பூட்டித் தாறதை அப்படியே வாங்கு, தலையிடி இல்லை" எண்டு சொல்லும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய ஐம்பது வயது எண்டதும், அதைத் தொடக்கி வைத்தவர்களில் ஒரே கம்பனியின் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள் எண்டதும் எங்களில் பலருக்குத் தெரியாது.

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அப்பிள் II கணினி முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் ஸ்டீவ் வொஸ்னியாக். மதர்போர்டில் எட்டு ஸ்லொட்டுகளை வைத்திருந்தார். ஸ்லொட் எண்டால், பிறகு ஒரு கார்ட்டைச் செருகுவதற்காக விட்டுவைத்த இடம். ஸ்டீவ் ஜொப்ஸுக்கு அது வீண் செலவாகப் பட்டது. இரண்டு போதும், ஒன்று பிரிண்டருக்கு, மற்றது மோடத்துக்கு என்றார். வொஸ்னியாக் இறங்கி வரவில்லை. கடைசியில் எட்டும் இருந்தன. மூடியைத் திறக்க ஸ்க்ரூ ட்ரைவர்கூடத் தேவைப்படவில்லை, கையாலேயே கழற்றலாம்.

ஜொப்ஸ் சொன்னதை முட்டாள்தனம் எண்டு நாங்கள் நினைக்கக் கூடாது. 1977இல் வீட்டுக் கணினியோடு வேறு எதைத்தான் இணைப்பது? வொஸ்னியாக்குக்கும் முழு விடை தெரிந்திருக்க வழியில்லை. தெரியாதபடியால்தான் அவர் இடம் விட்டுவைத்தார்.

அந்த இடங்கள் விரைவாகவே நிரம்பத் தொடங்கின. 1978இல் டிஸ்க் ட்ரைவுக்கான கார்ட் வந்தது. 1979இல் விசிகல்க் எண்ட கணக்குத்தாள் மென்பொருள் வந்தபோது, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த கணினியைக் கணக்காளர்களும் வியாபாரிகளும் தேடி வாங்கினார்கள். அவர்களுக்குக் கூடுதல் நினைவகம் வேண்டும், ஒரு வரியில் 80 எழுத்துகள் தெரிய வேண்டும். இரண்டுக்கும் கார்ட் வந்தது. 1980இல் மைக்ரோசொஃப்ட் தனது முதல் வன்பொருளாக ஒரு கார்ட்டை விற்றது. அதற்குள் வேறொரு புரொசெசரே இருந்தது. அதைச் செருகினால், அப்பிளுக்கு எழுதப்படாத மென்பொருட்களும் அப்பிளில் ஓடின. இந்தக் கணினி வரிசை 1993 வரை விற்பனையில் இருந்தது.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தனது பீ.சி.யை வெளியிட்டபோது அதிலும் ஐந்து ஸ்லொட்டுகள் இருந்தன. அதோடு, சுற்று வரைபடங்களையும் பயோஸ் நிரலையும் கையேடாகவே அச்சிட்டு விற்றது. மற்றவர்கள் கார்ட் செய்து விற்கட்டும் எண்டது நோக்கம். 1982இல் கொம்பக் கம்பனி, ஐ.பி.எம்.மின் நிரலைப் பிரதி பண்ணாமல் அதேமாதிரி இயங்கும் முழுக் கணினியையே அறிவித்தது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான கம்பனிகளின் வாரிசுதான், இண்டைக்கு நாங்கள் கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் கணினி.

அதே காலத்தில் இன்னொரு வகையும் வளர்ந்தது. பொறியியலாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வீட்டுக் கணினி போதவில்லை. ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள். இதுதான் அவர்களுடைய அன்றைய கனவு. 1982இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அதற்கு முந்திய அப்பலோ, பிறகு சிலிக்கன் கிராஃபிக்ஸ் எல்லாம் இந்தக் கனவை வேர்க்ஸ்டேஷனாக விற்றன. திரை, புரொசெசர், நெட்வேர்க், இயங்குதளம் எல்லாம் ஒரே கம்பனி ஒன்றோடு ஒன்று பொருந்தச் செய்தது. விலை பல ஆயிரம் டொலர்கள். அந்த விலைக்கு வேலையும் நடந்தது. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் கணினி டைனோசர்கள் சிலிக்கன் கிராஃபிக்ஸ் இயந்திரங்களில்தான் உருவாகின.

வீட்டுக் கணினியில் கார்ட் செருகியவர்களின் பாடு இவ்வளவு சுகமாக இருக்கவில்லை. சவுண்ட் கார்ட்டைப் போட்டால் மற்றக் கார்ட் வேலை செய்யாது. சின்னச் சின்ன ஜம்பர்களைக் கழற்றி மாற்றி, மூடியைப் பத்துத் தரம் திறந்து மூட வேண்டும். விண்டோஸ் 95 வந்த பிறகுகூட, செருகிவிட்டுக் கடவுளைக் கும்பிடு எண்டு பகிடி பண்ணினார்கள். நேரத்துக்கு வேலை முடிக்க வேண்டிய ஒருவர் வேர்க்ஸ்டேஷனுக்குக் காசு கொடுத்ததில் பிழை இல்லை.

இடையில் ஜொப்ஸ் தன் விருப்பப்படி ஒரு கணினி செய்தார். 1984 ஜனவரியில் வந்த மக்கின்டொஷ் 2,495 டொலர். நினைவகம் 128 கிலோபைட். ஸ்லொட் ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறக்க சாதாரண ஸ்க்ரூ ட்ரைவர் போதாது. அதன் பலகையை வடிவமைத்த பரல் ஸ்மித்துக்கு 128 போதாது எண்டு தெரிந்திருந்தது. பெரிய நினைவகச் சிப்கள் வந்தால் 512 ஆக்கக்கூடிய மாதிரி ஒரு வழியைப் பலகையில் சத்தமில்லாமல் விட்டுவைத்தார். அந்த வருட செப்டெம்பரிலேயே 512 கிலோபைட் மக்கின்டொஷ் வந்துவிட்டது. ஜொப்ஸ் 1985இல் வெளியேறினார். 1987இல் வந்த மக்கின்டொஷ் II இல் ஆறு ஸ்லொட்டுகள் இருந்தன.

வேர்க்ஸ்டேஷனுக்கு வந்த அடி வேறு திசையில் இருந்து வந்தது. சிலிக்கன் கிராஃபிக்ஸில் வேலை செய்த சிலர் வெளியே வந்து 1994இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பனியைத் தொடங்கினார்கள். 1996இல் அவர்களுடைய வூடூ கார்ட் சாதாரண பீ.சி.யின் ஸ்லொட்டுக்குள் போனது. வாங்கினவர்கள் கேம் விளையாடும் பொடியள். அந்தக் கார்ட்டால் டைனோசர் செய்ய முடியாதுதான். ஆனால் லட்சக்கணக்கானோர் வாங்கும் சாமான் வருடத்துக்கு வருடம் வேகமாகவும் மலிவாகவும் வந்தது. சில ஆயிரம் பேர் வாங்கும் சாமானால் அதோடு ஓட முடியவில்லை. சிலிக்கன் கிராஃபிக்ஸ் 2006இலும் 2009இலும் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. சன் 2010இல் ஒரக்கிளுக்குள் போனது.

இந்தக் கதையில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 2012. டொரொண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படங்களை அடையாளம் காணும் ஒரு நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தார். இண்டைய செயற்கை நுண்ணறிவு அலை அதில் இருந்துதான் பெரிதாக எழும்பியது. அவர் பாவிச்சது, பெற்றோர் வீட்டு அறையில் இருந்த கணினியில் செருகிய இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கேம் கார்ட்டுகள். பயிற்சி ஐந்தாறு நாட்கள் ஓடியது. அந்தக் கார்ட்டைச் செய்தவர்கள் அதைக் கேம் விளையாடுபவர்களுக்கே விற்றார்கள். அவருடைய கணினியில் அதைச் செருக இடம் இருந்தது.

அதற்காக மற்றப் பக்கம் தோற்றுவிட்டது எண்டு சொல்ல மாட்டோம். அப்பிளே பிறகும் இரண்டுக்கும் நடுவில் ஆடியது. 2013இல் உருளை வடிவ மக் புரோவை உள்ளே கார்ட் மாற்ற இடமில்லாமல் விற்றது. அந்த வடிவமைப்பு தங்களை முடக்கிவிட்டதை 2017இல் ஒப்புக்கொண்டது. 2019இல் வந்த மக் புரோவில் எட்டு ஸ்லொட்டுகள், வொஸ்னியாக் கேட்ட அதே எட்டு. அடுத்த வருடமே எம்1 சிப் வந்தது. நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. ஆனால் அப்படி நெருக்கி வைத்ததால் வேகமும் பற்றரிச் சேமிப்பும் கிடைத்தன எண்டதும் உண்மை.

ஆகவே "எது நல்லது" எண்ட கேள்வியை நாங்கள் விட்டுவிட்டோம். செய்யப்போகும் வேலை இன்னதுதான் எண்டு திட்டமாகத் தெரிந்து, ஒரு நாள் நின்றாலும் நட்டம் எண்டால், பூட்டி வருவதை உத்தரவாதத்தோடு வாங்குங்கள். பிறகு கூட்ட முடியாதென்றால் நினைவகத்தை முதல் நாளே கூடுதலாக எடுங்கள். ஆனால் பத்தொன்பது, இருபது வயதில் எங்களில் எத்தனை பேருக்கு அப்படித் தெரியும்? இண்டைக்குக் கட்டுரை எழுத வாங்குகிறோம், அடுத்த வருடம் வீடியோ வெட்டுகிறோம், அதற்கடுத்த வருடம் என்னவோ. முழுக் காசும் ஒரேயடியாகக் கையில் இருப்பதும் இல்லை. அப்படியானவர்களுக்கு, நல்ல பவர் சப்ளையும் இரண்டு வெறும் நினைவக ஸ்லொட்டும் உள்ள சாதாரண பெட்டிதான் கைகொடுக்கும். கடையில் விலை கேட்க முதல், "இதைத் திறந்து கூட்டலாமா?" எண்டு கேளுங்கள். இல்லை எண்டு சொன்னால், அந்தக் கணினி எப்போது பழசாகும் எண்டதை உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். அதுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.