இல்லத்து ஒளியும் பிரேசர் டவுனும்

அந்தியில் விளக்கேற்றுவது தமிழர் இல்லங்களின் மாறா வழக்கம். ஆயினும் பட்டப்பகலிலேயே விளக்கைத் தேடும் இருண்ட வீடுகளில் நம் முன்னோர் பலர் வாழ்ந்த காலமும் உண்டு.

1898 ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. தண்டுப் பகுதியின் குறுகிய சந்துகளில், காற்றும் வெளிச்சமும் காணாத வீடுகளில் நெருங்கி வாழ்ந்த மக்களை அது பெரிதும் வாட்டிற்று. அவர்களுள் தமிழர் பலர்.

அப்பேரிடர் தந்த படிப்பினையால் எழுந்ததே நம் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் இது 1910 இல் உருவாயிற்று. இப்பணியில் முன்னின்ற ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914 இல் ஒரு நூலே வெளியிட்டார். பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி. எலிக்குப் புகலிடம் இருளும் பொந்தும். ஆகவே எலி புகாத தளமும், ஒளியும் காற்றும் தங்குதடையின்றி உலவும் அறைகளும் இன்றியமையாதன எனக் கொள்ளப்பட்டன.

சிவசமுத்திரத்து மின்சாரத்தால் பெங்களூர் நகரில் 1905 லேயே தெருவிளக்குகள் எரிந்தன. எனினும் இந்நகரை வகுத்தோர் முதலில் நாடியது கதிரவன் ஒளியையே.

1988 இல் புலிகேசி நகர் எனப் பெயர் மாறியும், பழைய பெயரே நம் நாவில் நிலைத்துள்ளது. பெயர் நிலைத்தாற் போதுமா? இன்று சுவரோடு சுவர் முட்ட மாடிகள் எழுகின்றன. நண்பகலிலும் கூடத்தில் மின்விளக்கு எரிகிறது. வீடு கட்டும் அன்பர்கள் விளக்குக்கு முன் சாளரத்துக்கு இடம் வகுப்பார்களாக! உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் மறத்தல் தகாது.