உடல் தாங்காது

விளையாட்டு வரலாறு யார் வென்றார்கள் என்று கேட்கிறது. யாருக்கு விளையாட நேரம் இருந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அதைத் தேட நான் சுரங்க ஊர்களுக்குப் போகிறேன். அங்கே வேலையும் ஆட்டமும் ஒரே சங்கொலிக்குக் கட்டுப்பட்டவை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா நிலக்கரி ஊர்களில் அந்த ஆட்டம் பேஸ்பால்; கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பெருநகர அணிகளுக்குக் கீழே சிறு நகரங்களின் அணிகள் மோதியவை மைனர் லீக்குகள். ரெடிங் நகர அணிக்குப் பெயரே 'கோல் ஹீவர்ஸ்', அதாவது நிலக்கரி அள்ளுவோர். 1898 ஜூலை 5 அன்று அந்த அணிக்காக ஒரு பெண் பந்து வீசினார். மஹனாய் சிட்டி என்ற நிலக்கரி ஊரைச் சேர்ந்த அவர் ஆடிய பெயர் லிஸ்ஸி ஆர்லிங்டன். ஆலன்டவுன் அணிக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் அவரை இறக்கினார்கள். எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்க விடவில்லை. ரெடிங் வென்றது. ஆனால் அவரை ஒப்பந்தம் செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது டிக்கெட் விற்கும் ஒரு வேடிக்கை. கூட்டம் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. லீக்கில் அவருக்கு இடமும் நிலைக்கவில்லை.

நம் மக்களின் சுரங்க ஊர் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த அந்த மண்ணுக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தும் தமிழர்கள் போனார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை அவர்களின் தலைமுறைகள் அந்த ஆழத்தில் உழைத்தன. கால்பந்தும் ஹாக்கியும் அந்த ஊரின் பெருமை. ஷிப்டு முடித்த ஆணுக்கு மைதானம் இருந்தது. அவன் எந்த ஷிப்டுக்குப் போனாலும் சோறு வடித்து, தண்ணீர் சுமந்து, துணி துவைத்தவளுக்கு வேலை முடிந்ததென்று சொல்ல எந்தச் சங்கும் ஊதவில்லை. ஆட்டக்காரனின் மாலைப்பொழுது அவளுடைய உழைப்பிலிருந்து வந்தது.

பெண் ஏன் மைதானத்தில் இல்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில் பழையது: உடல் தாங்காது. சுரங்கத்திலும் இதே பதில்தான். வங்காள, பீகார் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்கள் பூமிக்கடியில் கூடை சுமந்தவர்கள். 1929இல் வந்த விதிகள் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றின. அந்த இருட்டு சொர்க்கமல்ல. ஆனால் பறிபோன கூலிக்கு ஈடாக வேறு வேலை தர யாரும் முன்வரவில்லை. பிறகு போர் வந்தது. நிலக்கரி போதவில்லை. 1943இல் தடை நீங்கியது. அதே உடல் மீண்டும் கீழே இறங்கியது. 1946இல் தடை திரும்பி வந்தது.

அதே 1943இல்தான் அமெரிக்காவில் ஆண் ஆட்டக்காரர்கள் போருக்குப் போக, பெண்களுக்கென்று தொழில்முறை பேஸ்பால் லீக் தொடங்கினார்கள். 1954 வரை அது நடந்தது. ஆண்களின் லீக்கோ 1952 ஜூனில் கதவைச் சாத்தியது. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அணி எலினர் எங்கிள் என்ற பெண்ணை ஒப்பந்தம் செய்தவுடன், மைனர் லீக் தலைமை பெண்களை எடுக்கும் அணிகளுக்குத் தண்டனை என்று அறிவித்தது. அதே 1952இல் இந்தியச் சுரங்கச் சட்டம் பூமிக்கடி வேலையைப் பெண்களுக்கு மறுத்தது. ஆண்டுகள் பொருந்துவது தற்செயல்; தர்க்கம் தற்செயல் அல்ல. தேவைப்படும்போது தாங்கும் உடல், தேவை தீர்ந்ததும் தாங்காது.

சங்கப் பாடல்களில் பெண்கள் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், ஓரை ஆடுகிறார்கள். பருவம் வந்ததும் வீட்டுக்குள் வைக்கப்படுகிறார்கள். அதற்கு இலக்கணம் வைத்த பெயர் இற்செறிப்பு. வகுப்பில் அதை அகத்துறையாக மட்டும் நடத்த எனக்கு மனம் வருவதில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948இல் பெண்களின் இரவு வேலையைத் தடுத்ததும் ஒருவகை இற்செறிப்புதான். ஹார்வி மில்லின் மதுரை உட்பட எல்லா ஆலை ஊர்களுக்கும் அது பொருந்தியது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சுரங்கத் தடை தளர்ந்தது 2019இல். நம் கபடியிலும் ஆசியப் போட்டியில் ஆண்கள் 1990இல் ஆடினார்கள். பெண்களுக்கு அந்த இடம் 2010இல்தான் கிடைத்தது.

இரவு வேலை விடுதலை என்று நான் சொல்லவில்லை. போக வேண்டுமா, வேண்டாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் பெண்களிடம் ஒரு சிறு வேலை கொடுப்பேன். உங்கள் அம்மாச்சியிடம் கேளுங்கள்: என்ன விளையாடினாய், எந்த வயதில் நிறுத்தினாய், நிறுத்தச் சொன்னது யார்? பதிலை அப்படியே எழுதுங்கள், தேதியோடு. ஆட்டக்காரர்களின் பட்டியல் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர்களின் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.