முந்திரிக் கோழி பிறந்த கதை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ‘கேஷ்யூ சிக்கன்’ என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சீன உணவகம் என்று பலகை மாட்டாத கடைகளிலும் கிடைக்கும். ஆனால் சீனாவுக்கே போய்த் தேடினாலும் அந்த முந்திரிக் கோழி அகப்படாது. அது ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தது. பெற்றெடுத்தவர் டேவிட் லியாங், பிள்ளைகுட்டிக்காரர்.

தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 1920இல் பிறந்தவர் லியாங். 1940இல் அமெரிக்கா வந்தார். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882இல் போட்ட சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. 1943இல்தான் அதை ரத்து செய்தார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்காக லியாங் ராணுவத்தில் சேர்ந்தார், 1944இல் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய படையிலும் இருந்தார். போர் முடிந்ததும் கரண்டி பிடித்தார். ஃபுளோரிடாவில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தவரை, அவர் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்த ஒரு மருத்துவர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அழைத்தார். 1955இல் அங்கே குடியேறினார்.

பிறர் அடுப்படியில் சில ஆண்டுகள் உழைத்த பிறகு, சகோதரரையும் சேர்த்துக்கொண்டு 1963இல் சொந்தமாக ‘லியாங்ஸ் டீ ஹவுஸ்’ கட்டினார். திறப்பு விழாவுக்கு முன்பே கட்டடத்தின் வெளியே யாரோ டைனமைட் வைத்து வெடித்தார்கள். ஊரில் சிலருக்கு இந்தக் குடும்பம் வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. உடைந்ததைச் சரிசெய்து, கடையைத் திறந்தார்.

திறந்தால் போதுமா? வந்தவர்கள் திரும்பவும் வரவேண்டுமே! சீனச் சமையல் அந்த ஊர் நாக்குக்குப் பழக்கமில்லை. ஓசார்க் மலைப் பகுதிக்காரர்களுக்குக் கோழி என்றால் மாவில் புரட்டிப் பொரித்த கோழிதான். லியாங்குக்குத் தெரிந்த முந்திரிக் கோழியோ, மெல்லிய துண்டுகளைக் காய்கறியோடு இரும்புச் சட்டியில் சடசடவென்று வதக்கி இறக்குவது. இரண்டையும் அவர் ஒரே தட்டில் சேர்த்தார்.

எலும்பில்லாத கோழியைச் சிக்கன் பக்கோடா அளவுக்கு நறுக்கி, முட்டையிலும் மாவிலும் புரட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தார். கோழி எலும்பு வேகவைத்த சாற்றில் சோயா சாஸும் ஆய்ஸ்டர் சாஸும் விட்டு, சோள மாவு கரைத்து ஊற்றி, பழுப்பு நிறக் கிரேவி காய்ச்சினார். பொரித்த துண்டுகள் மேல் அதைச் சுடச்சுட ஊற்றி, முந்திரிப் பருப்பையும் நறுக்கிய வெங்காயத்தாளையும் தூவினார். மொறுமொறுப்பு முழுதும் ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தட்டைப் பார்த்ததும் ஊர்க்காரருக்குத் தெரிந்தது அவர்களுடைய கோழி. வாயில் போட்ட பிறகுதான் லியாங்கின் கைப்பக்குவம் தெரிந்தது.

அமெரிக்காவில் சீனக் குடும்பங்கள் நடத்திய உணவகங்களில் வீடும் கடையும் பெரும்பாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் நேராகக் கடைக்குத்தான் வருவார்கள். கூட்டமில்லாத மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கூட்டம் வந்துவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு தட்டு எடுக்க ஓடுவார்கள். அப்பாவை அவர்கள் அதிகம் பார்த்தது அடுப்புக்கு முன்னால்தான். லியாங்கின் மகன் விங் யீயும் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

முந்திரிக் கோழி ஓடத் தொடங்கியதும் ஊரில் மற்ற கடைகளும் அதைப் பார்த்துச் செய்தன. காலப்போக்கில் அது பள்ளிக்கூட மதிய உணவு வரை போனது. ‘லியாங்ஸ் டீ ஹவுஸ்’ 1997இல் மூடப்பட்டது. 2010இல் விங் யீ ‘லியாங்ஸ் ஏசியன் டைனர்’ தொடங்கியபோது அப்பாவுக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு வயது. அங்கும் பட்டியலில் முந்திரிக் கோழி இருந்தது. 2020இல், தொண்ணூற்றொன்பது வயதில், லியாங் காலமானார்.

முந்திரிக் கோழி அசல் சீன உணவே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கிரேவிக்கு உயிர் கொடுக்கும் ஆய்ஸ்டர் சாஸ், லியாங் பிறந்த அதே குவாங்டாங்கின் சரக்கு. ஊருக்காக அவர் கோழியைத்தான் மாற்றினார், குழம்பை விட்டுக்கொடுக்கவில்லை. சொந்த ஊர்ச் சமையலை அப்படியே வைத்திருந்தால் ஆறே மாதத்தில் கடையைப் பூட்டியிருப்பார். ஊர் கேட்டதை மட்டும் பொரித்துப் போட்டிருந்தால் பத்துக் கடைகளில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். வீட்டில் உலை கொதிக்க வேண்டும், தன் சமையலும் பிழைக்க வேண்டும் என்று நினைத்த ஒரு தகப்பன் கண்டுபிடித்த வழி அது. அவரைச் சிலர் வேண்டாம் என்ற ஊர், இன்று முந்திரிக் கோழியைத் தன் ஊர்ப் பண்டம் என்று உரிமை கொண்டாடுகிறது.